பெரியாற்றின் மீன்களும் தில்லியின் அளவுகோலும்

புது தில்லி: பெரியாறு என்றதும் தலைநகரில் நினைவுக்கு வருவது அடிக்கணக்குதான். 136 அடியா, 142 அடியா, 152 அடியா என்ற கேள்வியில் தமிழகமும் கேரளமும் உச்ச நீதிமன்றத்தின் படிகளில் பலமுறை ஏறி இறங்கின. 2006 பிப்ரவரியிலும் 2014 மே மாதத்திலும் வெளியான தீர்ப்புகள் அணையின் பாதுகாப்பையும் நீர்மட்டத்தையும் பற்றியவை. அந்த நீரில் என்ன கலக்கிறது, அதில் வாழும் மீன்களின் உடலுக்குள் என்ன நிகழ்கிறது என்பவை அந்த வழக்குகளின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

ஆனால் அணைக்குக் கீழே இருக்கும் மக்களுக்கு இந்த இரண்டாவது கேள்வி சிறியதல்ல. முல்லைப்பெரியாறு அணையைத் தாண்டிய ஆறு வல்லக்கடவு வழியாக வந்து சேரும் முதல் பெரிய ஊர், இடுக்கி மாவட்டம் பீர்மேடு தாலுகாவில் உள்ள வண்டிப்பெரியார். கோட்டயம் - குமுளி நெடுஞ்சாலையில் அமைந்த இவ்வூரைச் சுற்றிலும் தேயிலை எஸ்டேட்டுகள். கிழக்கிலும் வடக்கிலும் ஏலக்காய்த் தோட்டங்கள். எஸ்டேட் லயங்களில் தலைமுறைகளாகக் குடியிருப்பவர்களில் கணிசமானோர் தமிழ்த் தொழிலாளர்கள். ஏலத் தோட்டங்களுக்குத் தேனி மாவட்டத்தின் கம்பம், போடி பகுதிகளிலிருந்து நாள்தோறும் ஜீப்புகளில் ஆள்கள் வந்து திரும்புகின்றனர். குளிக்கவும், துணி துவைக்கவும், சில வேளைகளில் மீன் பிடிக்கவும் இவர்களுக்கு இருப்பது இந்த ஆறும் அதன் ஓடைகளும்தான்.

1886-ம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி கட்டப்பட்டு 1895-ல் செயல்பாட்டுக்கு வந்த அணை, ஆற்றின் நீரைத் தேக்கடி சுரங்கம் வழியாக வைகைப் படுகைக்குத் திருப்புகிறது. உபரி நீர் திறக்கப்படும் காலம் தவிர மற்ற நாள்களில், வண்டிப்பெரியாரில் ஓடுவது பெரும்பாலும் அணைக்குக் கீழே வந்து சேரும் ஓடைகளின் நீர். அந்த ஓடைகள் பலவும் எஸ்டேட் சரிவுகளில் பிறப்பவை. எனவே தோட்டத்தில் தெளிக்கப்படும் மருந்து மழையில் கரைந்து இறங்கும்போது, அதை நீர்த்துப் போகச் செய்ய ஆற்றில் போதிய ஓட்டம் இருப்பதில்லை.

சாகாத மீனும் நோயாளிதான்: பூச்சிமருந்தால் மீன்கள் செத்து மிதப்பது கண்ணுக்குத் தெரியும் சேதம். 1969-ல் ரைன் நதியில் எண்டோசல்பான் கலந்து மீன்கள் பெருமளவில் மடிந்தபோது ஐரோப்பா அதிர்ந்தது. 1995-ல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பருத்தி வயல்களிலிருந்து அதே மருந்து மழைநீரில் அடித்துச் செல்லப்பட்டு, ஓர் ஓடையில் 2 லட்சத்து 40 ஆயிரம் மீன்கள் இறந்தன. கண்ணுக்குத் தெரியாத சேதம் வேறு வகையானது. மீன் சாவதில்லை, ஆனால் அதன் ஹார்மோன்களின் ஒழுங்கு குலைகிறது. அதன் தொடர்ச்சியாக நோய் எதிர்ப்பு ஆற்றலும் குறைகிறது.

இவ்விரண்டுக்கும் உள்ள உறவை மீனின் உடலமைப்பே விளக்குகிறது. மனிதனைப் போல மீனுக்கு எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் உருவாவதில்லை. சிறுநீரகத்தின் தலைப்பகுதியே அந்த வேலையைச் செய்கிறது. நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் பிறக்கும் அதே திசுவில்தான், நெருக்கடிக் காலத்தில் சுரக்கும் கார்ட்டிசால் ஹார்மோனும் உருவாகிறது. வெள்ளணுக்களின் மீது கார்ட்டிசால், ஈஸ்ட்ரோஜன் ஆகிய ஹார்மோன்களை ஏற்கும் வாயில்களும் இருக்கின்றன. இனப்பெருக்கக் காலத்தில் ஹார்மோன் அளவு மாறும்போது பல மீன்களில் எதிர்ப்பு ஆற்றல் இயல்பாகவே சற்றுத் தணிகிறது. பருவம் முடிந்ததும் பழைய நிலைக்குத் திரும்புகிறது.

வெளியிலிருந்து வரும் ரசாயனம் ஹார்மோனைப் போல வேடமிட்டு அந்த வாயிலில் நுழைந்தால், பருவமே இல்லாத நேரத்திலும் இந்தத் தணிவு ஏற்படும். அது ஆண்டு முழுவதும் நீடிக்கவும் கூடும். அமெரிக்காவில் பாஸ் வகை மீன்களில் நடத்தி 2009-ல் வெளியிட்ட ஆய்வில், கிருமிகளைக் கொல்லும் ஹெப்சிடின் என்ற புரதத்தின் உற்பத்தியை ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குலைப்பது தெரிய வந்தது. மெக்சிகோவில் திலாப்பியா மீன்களைச் சாகடிக்காத அளவு எண்டோசல்பானில் வைத்துச் சோதித்தபோது, மண்ணீரலில் கிருமிகளை விழுங்கும் அணுக்கள் பாதிப்புக்கு உள்ளாயின. இந்த மீன்கள் பார்வைக்கு நலமாகவே நீந்தும். சாதாரணக் கிருமியோ பூஞ்சையோ வரும்போதுதான் குறை வெளிப்படும். அப்போது இறப்புக்குக் காரணமாகப் பதிவேட்டில் எழுதப்படுவது கிருமியின் பெயர்தான்.

போடோமாக் தந்த பாடம்: அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனுக்குக் குடிநீர் தரும் போடோமாக் ஆற்றின் கிளைகளில் 2000-ங்களின் தொடக்கத்தில் புண்களுடன் மீன்கள் இறந்தன. காரணம் தேடிய அந்நாட்டு நிலவியல் ஆய்வுத் துறையினர் 2003-ல் எதிர்பாராத ஒன்றைக் கண்டனர். ஆண் மீன்களின் விந்தகங்களுக்குள் முட்டை அணுக்கள் இருந்தன. வயல்களிலிருந்தும் கோழிப் பண்ணைகளிலிருந்தும் கழிவுநீர் நிலையங்களிலிருந்தும் வந்த ஹார்மோன் போன்ற பொருள்கள் மீது சந்தேகம் எழுந்தது. ஒற்றைக் குற்றவாளியை அடையாளம் காட்ட இயலவில்லை. கிருமிகள், ஒட்டுண்ணிகள், வெப்பம், ரசாயனங்கள் ஆகியவை ஒன்றுசேர்ந்து மீன்களை வீழ்த்தின என்பதே ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கம். எனினும் மீனின் பாலினக் கோளாறையும் நோயையும் தனித்தனியே பார்க்க முடியாது என்பது அங்கு நிலைநாட்டப்பட்டது.

எவ்வளவு சிறிய அளவு போதும் என்பதைக் கனடா காட்டியது. ஒன்டாரியோ மாகாணத்தில் ஆய்வுக்கென ஒதுக்கப்பட்ட ஓர் ஏரியில், கருத்தடை மாத்திரையில் உள்ள செயற்கை ஈஸ்ட்ரோஜனை 2001 முதல் 2003 வரை கலந்தனர். லிட்டருக்கு 5 முதல் 6 நானோகிராம் மட்டுமே. அதாவது ஒரு கிராமின் நூறு கோடியில் ஐந்தாறு பங்கு. ஆண் மீன்களின் உடலில் முட்டைக் கருவுக்கான புரதம் தோன்றியது. சில ஆண்டுகளுக்குள் அந்தச் சிறு மீனினம் ஏரியில் அழிவின் விளிம்புக்குச் சென்றது. அதை உண்டு வாழ்ந்த பெரிய மீன்களும் குறைந்தன.

தோட்டத்திலிருந்து ஓடைக்கு: இடுக்கி மலைகளின் பயிர்களுக்கு மருந்துத் தேவை அதிகம். தேயிலைக் கொசு, செஞ்சிலந்தி, மழைக்காலத்தில் இலைகளைத் தாக்கும் கொப்புள நோய் ஆகியவை தேயிலையின் நிரந்தர எதிரிகள். ஏலக்காய்க்கு இலைப்பேனும் தண்டுத் துளைப்பானும். ஏலக்காய்த் தோட்டங்களில் ஆண்டு முழுவதும் பலமுறை மருந்தடிப்பது வழக்கமாகிவிட்டது. விவசாயியைக் குறை சொல்லிப் பயனில்லை. ஓர் அறுவடை தவறினாலும் கடன் தலைக்கு மேல் ஏறிவிடும் சிறு விவசாயிகளே இங்கு மிகுதி.

பயன்பட்ட மருந்துகளின் வரலாறு இவ்வாறு அமைகிறது. டிடிடி வேளாண் பயன்பாட்டிலிருந்து 1989-ல் விலக்கப்பட்டது. எண்டோசல்பான் தேயிலையிலும் பல காலம் தெளிக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் 2011 மே 13-ம் தேதி அதன் உற்பத்திக்கும் விற்பனைக்கும் பயன்பாட்டுக்கும் நாடு முழுவதும் இடைக்காலத் தடை விதித்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன் ஜெனீவாவில் கூடிய ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகள், அதை ஒழிக்கப்பட வேண்டிய பொருள்களின் பட்டியலில் சேர்த்திருந்தன. செஞ்சிலந்திக்கு எதிராகத் தேயிலையில் அடிக்கப்பட்ட டைகோபால் 2019-ல் அதே பட்டியலில் இடம்பெற்றது. இந்தியாவில் அதற்குத் தடை வந்தது 2023-ல். ஏலக்காயில் அடிக்கப்பட்டு வந்த குளோர்பைரிபாஸ் சில விலக்குகளுடன் 2025-ல் அப்பட்டியலை அடைந்தது.

இடைவெளியைக் கவனிக்க வேண்டும். ஒரு மருந்தின் தீமை ஆய்வகத்தில் தெரிவதற்கும் சட்டத்தில் தடை வருவதற்கும் இடையில் பல ஆண்டுகள் கழிகின்றன. அதற்குள் இன்னொரு மருந்து அதன் இடத்தைப் பிடித்துவிடுகிறது. கொப்புள நோய்க்கு அடிக்கப்படும் ஹெக்சகோனசோல், புரோபிகோனசோல் போன்ற பூஞ்சைக்கொல்லிகள் எண்டோசல்பானைப் போன்ற கொடிய விஷங்கள் அல்ல. ஆனால் இந்த அசோல் வகை மருந்துகளுக்கு, ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றும் அரோமட்டேஸ் என்ற நொதியைத் தடுக்கும் இயல்பு உண்டு. மீனைக் கொல்லும் அளவை மட்டும் பார்த்தால் இவை பாதுகாப்பானவையாகத் தோன்றும். ஹார்மோன் கணக்கில் அப்படிச் சொல்ல முடியாது.

மூன்றே அளவுகோல்: தில்லியின் பொறுப்பு இங்குதான் தொடங்குகிறது. ஆறுகளைப் பயன்பாட்டின்படி ஐந்து வகைகளாகப் பிரித்திருக்கிறது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். அவற்றில் நான்காவது வகை, வன உயிர்களும் மீன்களும் பெருகுவதற்கு உகந்த நீர். அதற்கு வாரியம் வைத்திருக்கும் அளவுகோல் மூன்று. அமிலத்தன்மையைக் காட்டும் எண் 6.5 முதல் 8.5 வரை இருக்க வேண்டும். கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது. தனி அம்மோனியா 1.2 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. பூச்சிமருந்து இதில் இல்லை. ஹார்மோனைக் குலைக்கும் பொருள்கள் இல்லை. மீனின் ரத்தத்தையோ திசுவையோ சோதிக்கும் ஏற்பாடும் இல்லை. மலை ஓடைகளில் பாறைகளில் மோதி வரும் நீரில் ஆக்சிஜனுக்குப் பஞ்சமிருக்காது. ஆகவே இந்த மூன்று தேர்விலும் வண்டிப்பெரியார் போன்ற ஊர்களின் ஓடைகள் எளிதில் தேறிவிடக்கூடும். அந்தத் தேர்ச்சியால் மீனின் நலம் பற்றி அறியக் கிடைப்பது மிகக் குறைவு.

அடுத்தது மருந்துகளைப் பதிவு செய்யும் முறை. 1968-ம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் ஃபரீதாபாதில் அமைந்த பதிவுக் குழுவிடம் நிறுவனங்கள் அளிக்கும் விவரங்களில், மீன்களுக்கான நச்சுத்தன்மையும் உண்டு. வழக்கமான சோதனை 96 மணி நேரம் நடப்பது. அதற்குள் பாதி மீன்கள் சாகும் அளவு எது என்பதே அதன் கேள்வி. ஹார்மோன் குலைவோ நான்கு நாளில் தெரிவதில்லை. முட்டை, குஞ்சு, வளர்ச்சி, இனப்பெருக்கம் என ஒரு வாழ்க்கைச் சுற்று முழுவதையும் கவனித்தால்தான் தெரியும். இதற்கான சோதனை முறைகளைப் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2009 முதல் வகுத்து வெளியிட்டுள்ளது. ஹார்மோனைக் குலைக்கும் மருந்துகளுக்கு அனுமதி இல்லை என்ற கொள்கையை 2009-ல் சட்டமாக்கிய ஐரோப்பிய ஒன்றியம், அவற்றை அடையாளம் காணும் விதிகளை 2018-ல் வகுத்தது. அமெரிக்கா 1996-லேயே இதற்கென ஒரு சட்டப் பிரிவை ஏற்படுத்தியது. அதன் அமலாக்கம் மந்தமாக இருப்பதாக அங்கும் புகார் உண்டு.

இந்தியாவில் 2020 மே மாதம் மத்திய வேளாண் அமைச்சகம் 27 மருந்துகளைத் தடை செய்ய வரைவு அறிவிக்கை வெளியிட்டது. ஏலக்காய்த் தோட்டங்களில் புழங்கிய குளோர்பைரிபாஸும் குயினால்பாஸும் அப்பட்டியலில் இருந்தன. உற்பத்தியாளர்கள் ஆட்சேபித்தனர். நிபுணர் குழுக்கள் கூடின. 2023-ல் இறுதி உத்தரவு வந்தபோது முழுத் தடைக்கு உள்ளானவை டைகோபால், டைனோகேப், மெதோமில் ஆகிய மூன்றே. மோனோகுரோட்டோபாஸின் ஒரு வகைக் கலவைக்கும் தடை வந்தது. பழைய சட்டத்துக்குப் பதிலாக 2020 மார்ச்சில் மாநிலங்களவையில் அறிமுகமான பூச்சிக்கொல்லி மேலாண்மை மசோதா, அடுத்த ஆண்டு நாடாளுமன்ற நிலைக்குழுவின் ஆய்வுக்குச் சென்றது.

மாநிலங்களின் கைகள் கட்டப்பட்டிருப்பதும் உண்மை. 1968-ம் ஆண்டின் சட்டப்படி, ஒரு மருந்தின் விற்பனையை மாநில அரசு 60 நாள்களுக்கு நிறுத்தி வைக்கலாம். தேவையானால் மேலும் 30 நாள்கள். பதிவை ரத்து செய்யும் அதிகாரம் மத்திய அரசிடமே இருக்கிறது. கேரளம் 2011-ல் பல மருந்துகளுக்குக் கட்டுப்பாடு விதித்தது. ஆனால் குமுளியைத் தாண்டினால் மற்றொரு மாநிலம், மற்றொரு கடை. மலைச் சரிவில் இறங்கும் நீருக்கு இந்த எல்லைகள் பொருட்டல்ல.

காசர்கோடு எச்சரிக்கை: மீனுக்கு நேர்வது மனிதனுக்கு நேராது என்று எண்ணுவதற்கில்லை. கேரளத்தின் வடகோடியில் காசர்கோடு மாவட்டத்தின் முந்திரித் தோட்டங்களில் 2000-ம் ஆண்டு வரை இருபதாண்டுகளுக்கு மேல் ஹெலிகாப்டர் மூலம் எண்டோசல்பான் தெளிக்கப்பட்டது. ஆமதாபாதில் உள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் அங்கு பாத்ரே கிராமத்தில் 117 சிறுவர்களையும், மருந்து படாத கிராமத்தில் 90 சிறுவர்களையும் ஒப்பிட்டு நடத்திய ஆய்வு 2003-ல் வெளியானது. மருந்து பட்ட சிறுவர்கள் பருவமடைவது தாமதமானதையும், அவர்களது ஹார்மோன் அளவுகள் மாறியிருந்ததையும் அது பதிவு செய்தது. பாதிக்கப்பட்டோருக்கு தலா ரூ. 5 லட்சம் வழங்க 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஐந்து ஆண்டுகள் கழித்து 2022 மே மாதம் வழக்கு மீண்டும் வந்தபோது, 3,704 பேரில் 8 பேருக்கு மட்டுமே தொகை சேர்ந்திருந்ததைக் கண்டு நீதிபதிகள் மாநில அரசைக் கடிந்துகொண்டனர். நோய் வந்த பிறகு நிவாரணம் என்ற வழி எத்தனை நீளமானது என்பதற்கு இதுவே சான்று.

விளைபொருளைச் சோதிக்க ஆளிருக்கிறது. நீரைச் சோதிக்கத்தான் ஆளில்லை. சபரிமலை அரவணைப் பாயசத்தில் சேர்த்த ஏலக்காயில் மருந்து எச்சம் வரம்பை மீறியதாக ஆய்வறிக்கை வந்ததும், 2023 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் அதன் விற்பனையை நிறுத்தியது. அந்த உத்தரவை 2024-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது வேறு விஷயம். ஏற்றுமதித் தேயிலைக்காகத் தேயிலை வாரியம் பயிர்ப் பாதுகாப்பு விதித் தொகுப்பை வகுத்து, எந்த மருந்தை அடிக்கலாம் என்று பட்டியலிட்டிருக்கிறது. இவையெல்லாம் கோப்பைக்கும் தட்டுக்கும் வந்து சேரும் பொருளைப் பற்றிய அக்கறை. சரிவில் வழிந்தோடும் மிச்சத்துக்கு இத்தகைய காவல் இல்லை.

கீழே போகும் நீர்: வண்டிப்பெரியாரைக் கடக்கும் ஆறு சப்பாத்து, உப்புத்தறை, அய்யப்பன்கோவில் வழியாக இடுக்கி நீர்த்தேக்கத்தை அடைகிறது. அங்கிருந்து மூலமற்றம் மின் நிலையத்தில் மின்சாரம் தந்தபின் மூவாற்றுப்புழை ஆற்றில் சேர்ந்து வேம்பநாட்டுக் காயலுக்குச் செல்கிறது. உபரி நீர் செறுதோணி வழியாகப் பெரியாற்றின் கீழ்ப்பகுதிக்கு இறங்குகிறது. அங்கே ஏலூரில் டிடிடியும் எண்டோசல்பானும் தயாரித்த தொழிற்சாலை உள்ளிட்ட ரசாயன ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. 2024 மே 20-ம் தேதி இரவு அப்பகுதியில் மீன்கள் பெருமளவில் செத்து மிதந்தன. கூண்டுகளில் வளர்த்த மீன்களும் தப்பவில்லை. ஆக்சிஜன் குறைவே காரணம் என்றது மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். அம்மோனியாவும் சல்பைடும் ஆபத்தான அளவில் இருந்தன என்றது கேரள மீன்வளப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு. ஒரே இரவில் நடந்த சாவுக்கே இரண்டு விளக்கங்கள் என்றால், ஆண்டுக்கணக்கில் நடக்கும் மெலிவுக்கு யார் பொறுப்பேற்பார்கள் என்ற மீனவர்களின் கவலையில் நியாயம் உண்டு.

கேரளம் இத்தகைய மெலிவை முன்பே பார்த்திருக்கிறது. 1991-ல் வேம்பநாடு, குட்டநாடு பகுதிகளில் விரால், கெண்டை முதலிய மீன்கள் உடலெங்கும் புண்களுடன் மடிந்தன. ஒரு வகைப் பூஞ்சைதான் அந்நோயைப் பரப்பியது. மீனை வாங்க ஆளின்றிச் சந்தைகள் வெறிச்சோடின. பூஞ்சை எளிதில் நுழையும்படி மீனின் தோலும் எதிர்ப்பு ஆற்றலும் ஏன் நலிந்தன என்ற கேள்வியில் நீரின் அமிலத்தன்மை, வெப்பநிலை மாற்றம் ஆகியவற்றுடன் பூச்சிமருந்தும் விவாதத்துக்கு வந்தது.

அணைக்கு மேலே தேக்கடிக் காட்டில் நிலைமை ஓரளவு பரவாயில்லை. உலகில் வேறெங்கும் இல்லாத மீனினங்கள் சில பெரியாற்று நீர்ப்பிடிப்பில் வாழ்கின்றன. இமயமலை ஆறுகளின் மீன்களுக்கு உறவான ஓர் இனத்தை 1941-ல் சுந்தரராஜ் விவரித்தார். அந்தப் பேரினத்தில் அது ஒன்றே ஒன்று. ஆப்பிரிக்கக் கெளுத்தி, திலாப்பியா போன்ற அயல் மீன்களின் நெருக்கடி அவற்றுக்கு ஏற்கெனவே இருக்கிறது. எண்ணிக்கை குறைந்த இனத்துக்கு எதிர்ப்பு ஆற்றலும் குறைந்தால் ஒரு நோயே போதும்.

செய்யக்கூடியவை: இதற்குப் பெரும் செலவு தேவையில்லை. ஆண் மீனின் ரத்தத்தில் முட்டைக் கருப் புரதம் இருக்கிறதா என்று பார்ப்பது உலகெங்கும் நடைமுறையில் உள்ள சோதனை. கொச்சியில் மீன்வளப் பல்கலைக்கழகமும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனமும் உள்ளன. தென்னிந்தியத் தோட்ட அதிபர்களின் அமைப்பான உபாசியின் தேயிலை ஆய்வு மையத்துக்கு வண்டிப்பெரியாரிலேயே கிளை உண்டு. 2013-ல் தொடங்கப்பட்ட நீர்வாழ் உயிரின நோய்க் கண்காணிப்புத் திட்டத்தின் கவனம் பெரும்பாலும் வளர்ப்பு மீன்கள் மீது இருந்தது. மலை ஆறுகளின் மீன்களையும் அதில் சேர்க்கலாம். மருந்தடிக்கும் மாதங்களிலும் மழை தொடங்கும் முதல் வாரத்திலும் ஓடை நீரை எடுத்துப் பார்க்கலாம். ஓடைக்கரையில் மருந்து படாத ஒரு பட்டையை விட்டுவைக்கும்படி எஸ்டேட்டுகளைக் கட்டாயப்படுத்தலாம். தெளிப்பான் கழுவிய நீரை ஓடையில் கொட்டுவதை நிறுத்தினாலே பாதிச் சுமை குறையும் இடங்கள் உண்டு.

கனடா ஏரியின் கதைக்கு இரண்டாம் பாகமும் இருக்கிறது. ஹார்மோன் கலப்பதை நிறுத்திய சில ஆண்டுகளில், அழியும் நிலைக்குச் சென்ற அந்தச் சிறு மீன் மீண்டும் பெருகியது. நீர் மன்னிக்கத் தெரிந்தது. ஆனால் முதலில் கலப்படம் நிற்க வேண்டும்.

அணை எத்தனை அடி உயர்ந்தாலும், அதற்குக் கீழே ஆறு ஓடிக்கொண்டுதான் இருக்கும். மீன்களுக்கு உகந்த நீர் எது என்று தீர்மானிக்க மூன்று எண்கள் போதும் என்ற பழைய கணக்கை மாற்றும் அதிகாரம் தில்லிக்கு மட்டுமே உண்டு. அதற்கு வண்டிப்பெரியாரின் ஓடைகளில் மீன்கள் செத்து மிதக்கும் நாள்வரை காத்திருக்க வேண்டியதில்லை.